பால் குடிக்காத பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் பால் கிடையாது, தயிர் கிடையாது, முட்டை, கறி, மீன் எதுவும் கிடையாது. மகளுக்கு இப்போது நாலரை வயது, ஒன்றரை வயதிலிருந்து இப்படித்தான் வளர்கிறாள். ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அதை இங்கே சொல்லப் போவதில்லை. காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஆரணியிலோ இருந்துகொண்டு, ஊர் வழக்கத்துக்கு மாறாகப் பிள்ளைக்கு எதையோ கொடுத்துக்கொண்டோ எதையோ நிறுத்திவிட்டோ, அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஓபி சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். அரிசியே வேண்டாம் சிறுதானியம் போதும் என்று இருப்பவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்தியவர்கள், வெள்ளைச் சோறும் சிப்ஸும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளையோடு அல்லாடுகிறவர்கள், எல்லாருக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு ரெண்டரை வயதில் ஒரு சோர்வு வந்தது. மாடிப்படி நாலு ஏறினால் "தூக்கு" என்று கை நீட்டுவாள். டாக்டரிடம் போனோம். "சாப்பாடெல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டார். "எல்லாம் சாப்பிடுவா டாக்டர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அதற்கு ஆறு மாதம் முன்னால் வேறொரு கிளினிக்கில் உள்ளதைச் சொல்லி, வெளியே உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கும் கேட்கும்படி "பிள்ளையைக் கொல்லப் பாக்கறீங்களா" என்று திட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பயம். ரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார், ஒரு நாள் விடாமல் கொடுத்தேன், ரெண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 9.7. "மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று அவர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எதுவும் பேசாமல் மகளின் கையை ஜன்னல் பக்கம் திருப்பி விரல் முட்டிகளைப் பார்த்தார். கறுத்திருந்தன. நான் அதுவரைக்கும் மண்ணில் விளையாடுகிற அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். "பால், முட்டை எல்லாம் சாப்பிடறாளா, உண்மையச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் சொன்னேன். ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின் பி12 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எழுதினார், ரொம்பக் குறைவாக இருந்தது. அதற்கு மருந்து ஆரம்பித்த சில வாரத்தில் பிள்ளை தானே படி ஏறினாள். நடுவில் வீணான ரெண்டு மாதம் என் ஒரு வாக்கியத்தால் போனது, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆகவே வழிகாட்டியின் முதல் படி, இரண்டாம் படி, எட்டாம் படி எல்லாமே ஒன்றுதான்: பிள்ளை வாய்க்குள் என்ன போகிறதோ அதை அப்படியே சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதுதான் மீதி.

போவதற்கு முன்னால்: மூன்று நாள் நோட்டு

ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். மூன்று நாள் எழுதுங்கள், அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், ஏனென்றால் லீவு நாள் சாப்பாடு எந்த வீட்டிலும் வேறு மாதிரிதான். "ஆரோக்கியமா சாப்பிடுவா", "கீரை நிறைய" என்றெல்லாம் எழுதினால் டாக்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. டம்ளர், கரண்டி, ஸ்பூன் கணக்கில் எழுத வேண்டும், தட்டில் மீந்ததைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

காலை 8 மணி, இட்லி ஒன்றரை, வேர்க்கடலைச் சட்னி 2 ஸ்பூன். பத்தரைக்கு வாழைப்பழம் பாதி. மதியம் சோறு ஒரு கரண்டி, பருப்பு அரைக் கரண்டி, முருங்கைக்கீரை 2 வாய் (மீதியைத் துப்பிவிட்டாள்). 4 மணிக்குப் பக்கத்து வீட்டில் பிஸ்கட் 3. ராத்திரி கேழ்வரகு தோசை 1, எண்ணெய் 1 ஸ்பூன்.

அந்தப் பிஸ்கட்டை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்தேன், அதில் பால் பவுடர் இருக்கும் என்று தெரியும். எழுதுங்கள். அங்கன்வாடியில் போடுகிற முட்டையைப் பிள்ளை தின்றுவிட்டு வந்தால் அதையும் எழுதுங்கள். இது உங்கள் கொள்கைக்கு வைக்கிற பரீட்சை இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் சில விஷயங்கள் இருக்க வேண்டும், கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்காதீர்கள், அவசரத்தில் கேட்க மாட்டார்கள். வீட்டில் என்ன உப்பு? இயற்கை உணவுக்கு மாறுகிறவர்கள் முதல் வேலையாகப் பாக்கெட் உப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்துப்புக்கும் அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் போய்விடுகிறோம், பாலும் மீனும் முட்டையும் ஏற்கெனவே இல்லாத பிள்ளைக்கு அயோடின் வருகிற கடைசி வழியும் அதோடு அடைபடுகிறது. அப்புறம் டீ. பால் இல்லையென்று வரக்காப்பி, கட்டன் டீ கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு, சாப்பாட்டோடு அதைக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். நாட்டு மருந்து, லேகியம், ஆன்லைனில் வாங்கிய பவுடர், சிரப் எது கொடுத்தாலும் பாட்டிலை போட்டோ எடுத்து வையுங்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பதும் வேண்டும், அம்மாவுக்குப் பி12 குறைவாக இருந்தால் பாலிலும் குறைவாகத்தான் இருக்கும்.

தாய்சேய் நல அட்டையை மறக்க வேண்டாம். பிறந்த எடையிலிருந்து அதில் இருக்கும். அங்கன்வாடியில் மாதா மாதம் எடை போடுகிறார்களே, அந்தக் கணக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டு வயதிலிருந்து அஞ்சு வயது வரை ஒரு பிள்ளை வருஷத்துக்குச் சுமார் 2 கிலோ ஏறும், 6, 7 சென்டிமீட்டர் வளரும். டாக்டர் இன்றைய எடையை மட்டும் பார்ப்பதில்லை, புள்ளிகள் ஒரே கோட்டோடு மேலே போகிறதா, எங்காவது படுத்துவிட்டதா என்று பார்க்கிறார். படுத்திருந்தால் அது எந்த மாதத்தில் ஆரம்பித்தது என்பது உங்கள் கையில் இருக்கும் அட்டையில்தான் இருக்கிறது.

யாரிடம் போவது

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடமே பேசலாம், எடை, உயரம், ரத்தசோகை அளவுக்கு அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு மேல் குழந்தைகள் டாக்டர். வேலூர்க்காரர்களுக்கு இதில் குறை இல்லை, பெண்ட்லண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வருகிற சிஎம்சி நமக்கு டவுன் பஸ் தூரம். எங்கே போனாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கூட்டமான ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது அஞ்சு நிமிஷம். சாப்பாட்டைப் பற்றி உட்கார்ந்து பேசுகிற நேரம் டயட்டீஷியனிடம்தான் கிடைக்கும். அதனால் டாக்டரிடமே "டயட்டீஷியனைப் பார்க்க எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எழுதுகிற டாக்டர் குறைவு, கேட்டு மறுக்கிற டாக்டரை நான் இதுவரை பார்க்கவில்லை.

உள்ளே போனதும் முதல் வாக்கியம்

நாம் செய்கிற பெரிய தப்பு, ஏன் என்பதில் ஆரம்பிப்பது. மாட்டுக்கு ஊசி போடுகிறார்கள், பால் மனுஷனுக்கு இல்லை, ஒரு வீடியோவில் பார்த்தோம் என்று ஆரம்பித்தால் அஞ்சு நிமிஷமும் அதிலேயே போய்விடும், டாக்டர் எதிர்க்கட்சியாகிவிடுவார். நான் இப்போது சொல்வது இதுதான்:

"டாக்டர், பாப்பாவுக்குப் பால், தயிர், முட்டை, கறி எதுவும் குடுக்கறதில்லை, ஒன்றரை வயசுலேர்ந்து. மூணு நாள் சாப்பாடு எழுதிட்டு வந்திருக்கேன். இதுல எது குறையும், என்ன டெஸ்ட் பாக்கணும், சொல்லுங்க."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நோட்டை நீட்டுங்கள். நோட்டைப் பார்த்ததும் பெரும்பாலானவர்களின் குரலே மாறிவிடுகிறது, கவனித்திருக்கிறேன். கவனம் இல்லாத அம்மா என்று நினைத்துத்தான் அவர்கள் கோபப்படுகிறார்கள். இந்த ஓபியிலேயே எலும்பும் தோலுமாக எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள், அந்தக் கோபம் எனக்கு இப்போது புரிகிறது, ஆனால் பத்துப் பேர் முன்னால் கத்துவது மட்டும் இன்னும் புரியவில்லை. அப்படிக் கத்தினால்? "சரி டாக்டர், திட்டுங்க, ஆனா எந்தச் சத்துக்குப் பயப்படறீங்கன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு டாக்டரைப் பாருங்கள், டாக்டரே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். நான் அதைத்தான் ஆறு மாதம் செய்தேன்.

அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்

இது தெரிந்துவிட்டால் பேச்சு பாதி சுலபம். பால், முட்டை, கறி எல்லாம் இல்லாத பிள்ளைக்கு முதல் பயம் பி12. காய்கறி, கீரை, தானியம் எதிலும் நம்பத் தகுந்த அளவு கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, புளித்த மாவில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நானும் நம்பியிருக்கிறேன். பழைய சோறு நல்ல சாப்பாடு, இந்த வேலூர் வெயிலுக்கு அதைவிட நல்லது எது, ஆனால் அதை நம்பிப் பி12 மருந்தை விட முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வகை. இன்னொரு சிக்கல், கீரையும் பருப்பும் நிறைய சாப்பிடுகிற பிள்ளைக்கு ஃபோலிக் ஆசிட் நன்றாக இருப்பதால் பி12 குறைவால் வருகிற ரத்தசோகை வெளியே தெரியாமலே போகலாம், உள்ளே நரம்பு பாதிப்பு நடந்துகொண்டே இருக்கும். ஆகவே "ஹீமோகுளோபின் நார்மல்தானே" என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் நீங்களாகக் கடையில் பி12 சிரப் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள், ரிப்போர்ட்டில் அளவு ஏறிக் காட்டும், உண்மை நிலை மறைந்துவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

இதே மாதிரி கோதுமை விஷயம். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து சீலியாக் (கோதுமையில் இருக்கிற குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) டெஸ்டுக்குப் போனால், நோய் இருந்தாலும் டெஸ்டில் தெரியாமல் போகலாம். பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் டெஸ்ட், அப்புறம் நிறுத்துவது.

கால்சியம் பற்றி நான் டயட்டீஷியனிடம் கொஞ்சம் மிதப்பாகத்தான் பேசினேன். "எங்க ஊருல கேழ்வரகு மேடம், பாலைவிட கால்சியம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக் கணக்குப் போட்டார். கேழ்வரகு மாவு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120, அது வரைக்கும் நான் சொன்னது சரிதான். ஆனால் என் மகள் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற களியில் மாவு 40 கிராம்தான், அப்போது 140 கிட்ட வருகிறது, நாலு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு 550 வேண்டும். அதிலும் தானியத்தில் இருப்பது முழுதாக உடம்பில் சேராது. பென்சிலால் அந்த 140ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும், எள்ளு, முருங்கைக்கீரை, கால்சியம் சேர்த்த சோயா பால் எல்லாம் சேர்த்து எப்படி நிரப்புவது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். கடையில் விற்கிற பாதாம் பால், வீட்டில் எடுக்கிற தேங்காய்ப் பால் இரண்டிலும் புரதம் குறைவு, பசும்பாலுக்குப் பதில் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்றார்.

இரும்புச்சத்துக்குக் கீரையோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று. வைட்டமின் டி, வேலூர் வெயிலில் கூட குறையுமா என்று கேட்டேன், பிள்ளை வெயிலில் எங்கே நிற்கிறது என்று திருப்பிக் கேட்டார், பதில் இல்லை.

அளவுதான் இன்னொரு கவலை. கீரையும் காயும் களியும் வயிற்றை அடைத்துவிடும், சின்ன வயிறு, ஆனால் கலோரி குறைவாகத்தான் போயிருக்கும். அதற்கு நம் ஊரில் வழி சுலபம், வடஆற்காட்டில் வேர்க்கடலைக்குப் பஞ்சமா? பொடியாக்கியோ அரைத்தோ சேர்க்க வேண்டும், முழுக் கடலையை சின்னப் பிள்ளை கையில் கொடுத்தால் மூச்சுக்குழலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். சோற்றில் ஒரு ஸ்பூன் செக்கு எண்ணெய் ஊற்றுவதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

நாலைந்து வகை தவிர எதையும் தொடாத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி கூட இல்லாமல் போய்க் கால் வலி, ஈறில் ரத்தம் என்று வரலாம். பழம், காய் எதுவுமே உள்ளே போவதில்லை என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள், எலும்பு டாக்டரிடம் அலைவது மிச்சமாகும்.

யாரைக் கூட்டிப் போவது

நானும் கணவரும் மட்டும் போதும் என்று நினைத்தேன். டயட்டீஷியனைப் பார்க்கப் போன அந்த முறை மாமியாரும் குடியாத்தத்திலிருந்து வந்திருந்தார், கூடவே வந்தார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை, ஆம்பூரில் இருக்கிற நாத்தனார் வேறு, பிரியாணி ஊரில் பிள்ளைக்கு ஒரு துண்டு கறி கிடையாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டயட்டீஷியன் நோட்டைப் புரட்டிவிட்டு, "பாட்டி வீட்டுக்குப் போனா என்ன குடுப்பீங்க?" என்று நேராக மாமியாரிடம் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாமியார், முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "தயிர் சோறு ரெண்டு வாய் குடுப்பேன்மா, பிள்ளை கேக்குது" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டயட்டீஷியன் அதைச் சாதாரணமாக நோட்டில் குறித்துக்கொண்டு, மாசத்துக்கு எத்தனை நாள், எத்தனை கரண்டி என்று கேட்டார். மாசத்துக்கு ரெண்டு நாள் தயிரால் பி12 நிரம்பாது, மருந்தை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பிள்ளைக்கு ஊட்டுகிற கை யாருடையதோ அவர் அந்த அறையில் இருக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் ஒத்த கருத்து இல்லையென்றால் அதை வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டுப் போங்கள், அல்லது "எங்களுக்குள்ள ஒத்து வரலை டாக்டர்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். டாக்டர் முன்னால் பஞ்சாயத்து வைத்தால் அஞ்சு நிமிஷம் அதற்கே சரியாகிவிடும்.

எழுந்து வருவதற்கு முன்னால் மூன்று கேள்விக்கு விடை உங்கள் சீட்டின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தச் சத்துக்குக் கவலை? எந்த எண் எவ்வளவு ஆனால் சரி? மறுபடி எப்போது பார்ப்பது? மருந்தின் அளவை நோட்டில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள், துளியா மில்லியா என்பதில் நிறைய வீடுகளில் குழப்பம் வருகிறது.

விட்டுக்கொடுக்கிற இடம், கொடுக்காத இடம்

மருந்து கொடுப்பது நம் சாப்பாட்டு முறைக்குத் தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். "சரியான சாப்பாடு என்றால் மாத்திரை எதற்கு" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பால் வேண்டாம் என்றால் பி12 சிரப் வேண்டும், இரண்டையும் விட முடியாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையின் கோடு படுத்துக்கொண்டே போனால், மருந்துக்கும் எழவில்லை என்றால், டாக்டர் சொல்கிற வரைக்கும் முட்டையோ தயிரோ கொடுங்கள் என்பது என் கருத்து. கொள்கை நம்முடையது, பிள்ளை அதில் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தாய்ப்பால், இல்லையென்றால் டாக்டர் எழுதுகிற குழந்தைப் பால் பவுடர். ஆறு மாதத்துக்கு மேல் அதோடு இணை உணவு. அரிசிக் கஞ்சித் தண்ணீர், பாதாம் பால், தேங்காய்ப் பால், பசும்பால் எதுவும் அந்த இடத்தை நிரப்பாது. வலிப்புக்காகக் கொடுக்கிற, கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கிற கீட்டோ உணவு முறையும் ஆஸ்பத்திரி மேற்பார்வையில் மட்டும்தான், யூடியூபைப் பார்த்து வீட்டில் தொடங்குகிற விஷயம் இல்லை.

நோட்டு எழுதி அப்பாயின்ட்மென்ட் வாங்கி நிதானமாகப் போகலாம் என்று நான் சொன்னது எதுவும் பொருந்தாத நிலைமை ஒன்று உண்டு. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டது, உட்கார்ந்த குழந்தை உட்காரவில்லை, கை நடுங்குகிறது, எந்நேரமும் தூங்கி வழிகிறது, வெளுத்துப் போயிருக்கிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பி12 இல்லாமல் கைக்குழந்தைகளுக்கு இப்படி வரும், சீக்கிரம் மருந்து போட்டால் நன்றாகத் திரும்பும், தாமதித்தால் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

என் மகளுக்கு இப்போது ஹீமோகுளோபின் 11.4, விரல் முட்டிகளின் கறுப்பு போய்விட்டது. அடுத்த செக்கப் ஆடிக் கடைசியில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்த அடுத்த வாரம். நோட்டு ஒன்று குடியாத்தத்திலும் இருக்கிறது. போன முறை போய்த் திரும்பும்போது எடுத்துப் பார்த்தேன், மாமியார் கையெழுத்தில் ரெண்டு பக்கம், ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக "தயிர் 2 கரண்டி" என்று மறைக்காமல் எழுதியிருந்தார்.